புவிசார் அரசியல்: இளநிலையிலேயே படிப்பதா, பிறகு படிப்பதா?

பள்ளியை முடிக்கும் வயதிலேயே சிலர் போர்ச் செய்தியைப் படித்துவிட்டு அப்படியே கடந்து போவதில்லை. எந்த ஜலசந்தி, எந்த ரக ஏவுகணை, யார் யாருக்கு ஆயுதம் கொடுக்கிறார்கள் என்று வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்புறம் அடுத்த கேள்வி தானாகவே வருகிறது: இதையே கல்லூரியில் படித்தால் என்ன?

படிக்கலாம். புவிசார் அரசியல், பாதுகாப்பு ஆய்வுகள், போர் ஆய்வுகள், உத்திசார் ஆய்வுகள் என்று வெவ்வேறு பெயர்களில் இளநிலைப் பட்டங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் போர் ஆய்வுத் துறை, ஹேக் நகரில் லைடன் பல்கலைக்கழகம் நடத்தும் பாதுகாப்பு ஆய்வுப் பட்டம் எல்லாம் பள்ளி முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அதே ஆர்வத்தோடு சர்வதேச உறவுகளைப் படிக்கலாம். வரலாறு அல்லது பொருளாதாரம் படித்துவிட்டு முதுநிலையில் இந்தப் பக்கம் திரும்பலாம். ஒரு மொழியையும் அது பேசப்படும் பிராந்தியத்தையும் பிடித்துக்கொள்ளலாம். தொழில்நுட்ப வழியாக உள்ளே வரலாம். சீருடையும் போடலாம்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு, இளநிலையில் ஒரு அடிப்படைத் துறையோடு ஒரு மொழி, முதுநிலையில் பாதுகாப்பு என்ற வரிசைதான் நல்லது என்பது என் எண்ணம். நேரடியாகச் சிறப்புப் பட்டத்தில் சேருவது சரியாக அமைகிறவர்களும் உண்டு. அவர்கள் யார் என்பதைப் பார்ப்பதற்கு முன்னால், இந்த வகுப்பறைகளில் என்ன வித்தியாசமாக நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரே சம்பவம், பல வகுப்பறைகள்

2023 நவம்பர் 19 அன்று யேமனின் ஹூதிக் கிளர்ச்சிப் படையினர் செங்கடலில் சென்றுகொண்டிருந்த 'கேலக்ஸி லீடர்' என்ற கப்பலின் மேல்தளத்தில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி அதைக் கைப்பற்றினார்கள். அடுத்த சில வாரங்களில் ட்ரோன்களும் ஏவுகணைகளும் வணிகக் கப்பல்களை நோக்கிப் பாயத் தொடங்கின. பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியைக் கைவிட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன.

புவிசார் அரசியல் வகுப்பில் இந்தப் பாடம் வரைபடத்தில் தொடங்கும். பாப் எல் மண்டெப் ஜலசந்தி அதன் மிகக் குறுகலான இடத்தில் சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்கே நெரித்தால் சூயஸ் கால்வாய் திறந்திருந்தும் பயனில்லை. 1890இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மஹான் கடல் வலிமையைப் பற்றி எழுதியதில் தொடங்கி ஹோர்முஸ், மலாக்கா ஜலசந்திகள் என்று பேச்சு விரியும். பக்கத்துப் போர் ஆய்வு வகுப்பில் வேறு கேள்வி. மலிவான ட்ரோன் ஒன்றை வீழ்த்த பத்து லட்சம் டாலருக்கும் மேல் விலையுள்ள ஏவுகணையைச் செலவழிக்கும் கடற்படை இதை எத்தனை நாள் தாங்கும்? 2024 ஜனவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் குண்டு வீசிய பிறகும் தாக்குதல் ஏன் நிற்கவில்லை? அச்சுறுத்தித் தடுப்பது யாரிடம் பலிக்கும், யாரிடம் பலிக்காது?

சர்வதேச உறவுகள் மாணவர், அமெரிக்கா அறிவித்த கடற்படைக் கூட்டணியில் சவூதி அரேபியா ஏன் சேரவில்லை என்று கேட்பார். பொருளாதார மாணவர் கப்பல் காப்பீட்டில் போர்க்கால பிரீமியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, சுற்றுவழியின் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பார். 2024இல் எகிப்தின் கால்வாய் வருமானம் பாதிக்கும் மேல் சரிந்தது. சண்டையில் எந்தப் பக்கமும் சேராத நாடு ஒன்று இவ்வளவு இழந்ததைப் போர் ஆய்வு வகுப்பு ஓரமாகத்தான் தொடும். வரலாற்று மாணவர் 1980களில் ஈரான்-இராக் போரின் நடுவே எண்ணெய்க் கப்பல்கள் தாக்கப்பட்டதையும், 1987இல் குவைத் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடியை ஏற்றிப் பாதுகாப்பு கொடுத்ததையும் எடுத்து வைப்பார். அரபு மொழி படிக்கும் மாணவரோ ஹூதித் தலைவரின் உரையை நேரடியாகக் கேட்பார். அந்த இயக்கம் யேமனின் வடக்கே சஅதாவில் எப்படி முளைத்தது, 2004 முதல் 2010 வரை அரசோடு ஆறு சுற்றுச் சண்டை போட்டது ஏன் என்று அவருக்குத் தெரியும். அதனால், 'ஈரான் சொன்னது, இவர்கள் செய்தார்கள்' என்ற ஒருவரி விளக்கத்தை அவர் அவ்வளவு சுலபமாக ஏற்க மாட்டார்.

இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் இரண்டு வகுப்புகளும் முழுப் படத்தையும் சீக்கிரமே கொடுத்துவிடுகின்றன. மற்றவை படத்தின் ஒரு மூலையைத்தான் கொடுக்கின்றன, ஆனால் அந்த மூலையில் நீங்களே தோண்டுவதற்கு ஒரு கருவியையும் சேர்த்துக் கொடுக்கின்றன. இளநிலையில் எது முதலில் வேண்டும் என்பதுதான் இங்கே உண்மையான தேர்வு.

சிறப்புப் பட்டத்தின் பலம்

முதலில் அதன் நல்ல பக்கத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சின்னதல்ல. பதினெட்டு வயதில் அணு ஆயுத உத்தி, ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்கள், கிளர்ச்சி எதிர்ப்பு, உளவுத்துறையின் தோல்விகள், ராணுவத்துக்கும் சிவில் அரசுக்கும் உள்ள உறவு, போர்ச் சட்டம் எல்லாவற்றையும் முறையாகப் படிக்கும் வாய்ப்பு வேறு எந்தப் பட்டத்திலும் கிடைக்காது. பிடித்ததைப் படிக்கிறவர்கள் அதிகம் படிக்கிறார்கள். வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும் அதே பித்து என்பதால் காபி நேரத்துப் பேச்சே பாதிப் பாடமாகிவிடுகிறது. பாடம் நடத்துகிறவர்களில் முன்னாள் அதிகாரிகளும் தூதர்களும் இருப்பார்கள். புத்தகத்தில் வராத விஷயங்கள் அவர்கள் வாயிலிருந்து வரும்.

நல்ல பட்டங்களில் நெருக்கடி ஒத்திகை என்று ஒன்று நடத்துவார்கள். ஒரு அறைக்கு ஒரு நாடு. ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு அட்டை: நீ வெளியுறவு அமைச்சர், நீ ராணுவத் தளபதி, நீ உளவுத் தலைவர், உன் ரகசிய நோக்கம் இது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒரு துண்டுச் சீட்டு வரும். எல்லையில் விமானம் ஒன்று காணவில்லை. அடுத்த சீட்டு: அது சுட்டு வீழ்த்தப்பட்டதாக வதந்தி. உளவுத் தலைவருக்கு மட்டும் தனியாக ஒரு சீட்டு: விமானி தவறுதலாக எல்லை தாண்டியிருக்கலாம். அவர் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தளபதி படைகளை நகர்த்திவிடுகிறார். எதிர் அறையில் இருப்பவர்கள் இதைப் போருக்கான ஆயத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் யாரும் விரும்பாத ஒரு சண்டை தொடங்கிவிட்டிருக்கும். அரைகுறைத் தகவலோடு முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்பதைப் பத்துக் கட்டுரை எழுதினாலும் இந்த அளவுக்குத் தெரிந்துகொள்ள முடியாது. பல சிறப்புப் பட்டங்களில் இதைப் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்பது அவற்றின் பெரிய பலம்.

அதன் பலவீனம்

இந்தத் துறையை உருவாக்கியவர்களைப் பாருங்கள். கிங்ஸ் கல்லூரியில் போர் ஆய்வை நிறுவிய மைக்கேல் ஹவர்ட் வரலாறு படித்தவர். அணு ஆயுதக் காலத்தின் பேரம், அச்சுறுத்தல் பற்றிய சிந்தனையை வடிவமைத்து 2005இல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங் பொருளாதார நிபுணர். ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டர் கணித தர்க்கத்திலிருந்து வந்தவர், ஹெர்மன் கான் இயற்பியலிலிருந்து. துறையே இல்லாத காலத்தில் அவர்கள் வேறு எங்கே படித்திருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் அவர்கள் சிந்தனை இன்றும் நிற்பதற்குக் காரணம், ஒவ்வொருவரும் வெளியிலிருந்து ஒரு முறைமையைக் கொண்டுவந்தார்கள் என்பது. சிறப்புப் பட்டத்தில் எல்லா முறைமைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொள்ளக் கிடைக்கும், எதிலும் கை பழகாது. இது எல்லாப் பட்டங்களுக்கும் பொருந்தாது. பலவற்றுக்குப் பொருந்தும்.

இன்னொரு சங்கடம், இந்தத் துறை செய்தியைத் துரத்துகிறது. 2001க்குப் பிறகு எங்கே பார்த்தாலும் பயங்கரவாதம், கிளர்ச்சி எதிர்ப்பு. 2014இல் ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றிய பிறகு 'கலப்புப் போர்', அதாவது படையோடு பொய்ப் பிரச்சாரத்தையும் இணையத் தாக்குதலையும் கலந்து நடத்தும் போர். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் பெரும்படையோடு நுழைந்ததும் பேச்சு மறுபடி பீரங்கிக் குண்டு உற்பத்திக்கும் பதுங்குகுழிக்கும் ட்ரோனுக்கும் திரும்பியது. நீங்கள் சேரும்போது சூடாக இருக்கும் பாடம் நீங்கள் வேலை தேடும்போது ஆறிப்போயிருக்கலாம். புள்ளியியலும் ரஷ்ய மொழியும் அப்படி ஆறிப்போவதில்லை.

மூன்றாவது, நம்பிக்கை மிகுதி. உளவியலாளர் பிலிப் டெட்லாக் 284 நிபுணர்களிடமிருந்து பல ஆண்டுகளாக அரசியல் கணிப்புகளைத் திரட்டி, எது பலித்தது எது பலிக்கவில்லை என்று எண்ணிப் பார்த்தார். 2005இல் அவர் வெளியிட்ட முடிவு நிபுணர்களுக்குச் சங்கடமானது: சராசரி நிபுணரின் கணிப்பு குருட்டு யூகத்தைவிடப் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. ஒரே பெரிய கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு உலகத்தையே அதற்குள் அடைக்கிறவர்கள்தான் இன்னும் மோசமாகக் கணித்தார்கள். வாராவாரம் 'அடுத்து என்ன நடக்கும்' என்று கட்டுரை எழுத வைத்து, அது நடந்ததா என்று ஒருபோதும் திரும்பிப் பார்க்காத பட்டம், இதே பழக்கத்தைத்தான் மாணவருக்கு ஊட்டும். சொல்வளம் வளரும், கணிப்புத் திறன் வளராது.

நான்காவதாக ஒரு சின்னப் புலம்பல். புவியியலே இல்லாத புவிசார் அரசியல் பட்டங்கள் இருக்கின்றன. மூன்று வருடம் படித்தும் ஒரு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் புதிதாகப் போட்ட ஓடுதளம் எது என்று சொல்லத் தெரியாது, வரைபட மென்பொருளில் ஒரு அடுக்குக்கூடப் போடத் தெரியாது. இந்தத் துறைக்கு ஒரு கறைபடிந்த பழங்கதையும் உண்டு. 1899இல் ஸ்வீடனின் ருடால்ஃப் செல்லேன் இதற்குப் பெயர் வைத்தார். பிறகு ஜெர்மனியில் கார்ல் ஹவுஸ்ஹோஃபர் கையில் அது 'வாழிடம்' தேடும் நாஜி ஆக்கிரமிப்புக்குத் துணைபோனது. 1945க்குப் பிறகு நெடுங்காலம் பல்கலைக்கழகங்கள் அந்தப் பெயரை உச்சரிக்கவே கூச்சப்பட்டன. மலையும் கடலும் ஒரு நாட்டின் விதியை எழுதிவிடுகின்றன என்று நம்பவைப்பது எவ்வளவு சுலபம், எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் யூரேசியாவின் உட்பகுதியை உலக அரசியலின் மையமாகக் காட்டிய பிரிட்டிஷ் புவியியலாளர் மெக்கிண்டரின் 1904 வரைபடத்தை மட்டும் காட்டும் பட்டத்தில் எனக்கு நம்பிக்கை வராது.

சர்வதேச உறவுகள்: நடுவழி

இது பழைய, பழகிய வழி. முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் இதற்கென்று முதல் பேராசிரியர் பதவி உருவானது. அதே ஆண்டில்தான் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வெளியுறவுப் பள்ளியும் தொடங்கியது. பட்டத்தின் பெயரை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பு தொடர்பான விருப்பப் பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். மனம் மாறினால் சட்டம், இதழியல், தொண்டு நிறுவனம் என்று விலகவும் இடம் இருக்கும். முதல் வருடம், நாடுகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பதை விளக்கும் யதார்த்தவாதம், தாராளவாதம், கட்டமைப்புவாதம் என்ற கோட்பாட்டு வாதங்களிலேயே கழியும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் சிறப்புப் பட்டம் சுமாரானது என்றால், நல்ல சர்வதேச உறவுகள் துறை கண்ணை மூடிக்கொண்டு மேல்.

அடிப்படைத் துறை ஒன்று

இதில் நான் முன்வைப்பது இரண்டு: பொருளாதாரம், வரலாறு.

பொருளாதாரத்தைச் சொல்வதற்குக் காரணம், இன்றைய பலப்பரீட்சையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. 2022இல் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பு மேற்கு நாடுகளில் முடக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், மேம்பட்ட கணினிச் சில்லுகளும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் சீனாவுக்குப் போவதை அமெரிக்கா கட்டுப்படுத்தியது. மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் மட்டுமே செய்கிறது என்ற ஒரு தகவலில், பல படைப்பிரிவுகளைவிட அதிக அதிகாரம் ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளாதாரத் தடை எப்போது வலிக்கும், எப்போது வேறு வழியில் கசிந்துவிடும் என்று சொல்வதற்கு விநியோகச் சங்கிலி, நாணயம், விலை எல்லாம் புரிய வேண்டும். பாதுகாப்பு பட்ஜெட்டைப் படிக்கவும் அதே அறிவுதான் வேண்டும். கூடவே விளையாட்டுக் கோட்பாடும் (எதிராளி என்ன செய்வார் என்பதைக் கணக்கில் எடுத்து முடிவெடுக்கும் கணிதம்) புள்ளியியலும் கைக்கு வந்துவிடும். வேலைச் சந்தையில் இந்தப் பட்டத்துக்குத் தனி மரியாதை இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வரலாறு வேறு வகையில் உதவுகிறது. 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அதிபர் கென்னடி உறுதியாக நின்றார், கியூபாவில் ஏவுகணைகளை வைத்த சோவியத் தலைவர் குருசேவ் பின்வாங்கினார் என்பதுதான் நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை. துருக்கியில் இருந்த ஜூபிடர் ஏவுகணைகளை அமெரிக்காவும் அகற்றுவதாக ரகசியமாக ஒப்புக்கொண்டது என்பது 1980களின் இறுதியில்தான் ஐயமின்றித் தெரியவந்தது. இடையில் கால் நூற்றாண்டு காலம் 'உறுதியாக நின்றால் எதிரி பணிவான்' என்ற பாடம் அரைக்கதையை வைத்துக்கொண்டு நடத்தப்பட்டது. ஆவணம் திறக்கும்வரை கதை முடிவதில்லை என்ற எச்சரிக்கை வரலாற்றுத் துறையில் முதல் வருடத்திலேயே மாணவரிடம் படிந்துவிடும். நேற்றைய செய்தியை வைத்து இன்று தீர்ப்பு சொல்லும் உலகத்தில் இது பெரிய சொத்து.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். மூன்று, நான்கு வருடம் உங்கள் ஆர்வத்தைப் பக்கவாட்டில் வைத்திருக்க வேண்டும். உங்கள் வகுப்புத் தோழர்களுக்கு நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி ஒரு கவலையும் இருக்காது. முதுநிலை என்ற இரண்டாவது செலவும் வரும். முதுநிலைக்கு வழியே இல்லை, இளநிலையோடு வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு என் வாதம் பாதி பலமிழந்துவிடுகிறது. அவருக்கு அடுத்தபடி பொருந்துவது பொருளாதாரம், இல்லையென்றால் கீழே சொல்லும் தொழில்நுட்ப வழி.

மொழியும் பிராந்தியமும்

எல்லா வழிகளிலும் நான் அதிகம் அழுத்திச் சொல்வது இதைத்தான். காரணம் நேரக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் தெரிந்த அதிகாரி ஒருவர் வேலை பார்க்கும் அளவுக்கு ஒரு மொழியைக் கற்க எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. ரஷ்ய மொழிக்குச் சுமார் 1,100 வகுப்பு மணி நேரம். அரபு, சீனம், ஜப்பானியம், கொரியன் என்றால் சுமார் 2,200 மணி நேரம். முப்பது வயதில், வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் 2,200 மணி நேரத்துக்கு எங்கே போவது? போர் உத்தி பற்றிய நூல்களை எந்த வயதிலும் படித்துக்கொள்ளலாம். மொழிக்குக் கல்லூரி வருடங்களைவிட நல்ல காலம் வாய்ப்பது அபூர்வம்.

அமெரிக்க ராஜதந்திரி ஜார்ஜ் கெனன் பிரின்ஸ்டனில் வரலாறு படித்தவர். வெளியுறவுப் பணியில் சேர்ந்த பிறகு அவரை பெர்லினுக்கு அனுப்பி ரஷ்ய மொழியும் வரலாறும் இலக்கியமும் படிக்க வைத்தார்கள். 1946 பிப்ரவரியில் மாஸ்கோவிலிருந்து அவர் அனுப்பிய நீண்ட தந்தி, சோவியத்தைப் பற்றிய அமெரிக்கக் கொள்கைக்கே அடித்தளம் ஆனது. அதில் ஆயுத எண்ணிக்கை முக்கியமே இல்லை. அந்த ஆட்சியின் பயம் எங்கிருந்து வருகிறது என்ற புரிதல்தான் அதை வேறு அறிக்கைகளிலிருந்து பிரித்துக் காட்டியது. பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான காண்டலீசா ரைஸ் டென்வர் பல்கலைக்கழகத்தில் பியானோ படிக்கச் சேர்ந்தவர். ஜோசப் கோர்பெல் நடத்திய சர்வதேச அரசியல் வகுப்பு அவரை சோவியத் ஆய்வின் பக்கம் திருப்பியது.

பிராந்தியத்தை மையமாக வைத்தே இளநிலையை அமைத்திருக்கும் இடங்கள் உண்டு. பிரான்சின் சியான்ஸ் போ ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இளநிலை வளாகங்கள் சில பிராந்தியவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: மத்திய கிழக்குக்கு மாந்தோன், ஆசியாவுக்கு லெ ஹாவ்ர், மத்திய, கிழக்கு ஐரோப்பாவுக்கு திஜோன். மூன்றாவது வருடம் வெளிநாட்டில். இப்படிப்பட்ட அமைப்பில் மொழி ஒட்டுப்பாடமாக இருக்காது.

ஆபத்து என்னவென்றால், பிராந்தியங்களுக்கும் சந்தை நிலவரம் உண்டு. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் ரஷ்ய ஆய்வுக்கு நிதி சுருங்கியது, பல வருடம் கழித்துத்தான் தேவை திரும்பியது. அதனால் தேவையை மட்டும் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த மொழியின் சமையல் காணொளியையும் கிசுகிசுவையும்கூட விரும்பிப் பார்ப்பீர்களா என்று யோசியுங்கள். இல்லையென்றால் இரண்டாவது வருடத்தோடு விட்டுவிடுவீர்கள்.

தொழில்நுட்பம், சீருடை

2014 ஜூலையில் எம்எச்17 விமானம் உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது, அந்த ஏவுகணையைச் சுமந்துவந்த வாகனத்தின் பாதையைப் பொதுவெளிப் படங்களையும் காணொளிகளையும் கொண்டே தொடர்ந்து கண்டுபிடித்தது பெல்லிங்கேட் குழு. அதைத் தொடங்கிய எலியட் ஹிக்கின்ஸ் ராணுவத்திலோ உளவுத்துறையிலோ இருந்தவர் அல்ல. வீட்டிலிருந்தே சிரியப் போர்க் காணொளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆயுதங்களை அடையாளம் காணப் பழகியவர். நிழலின் கோணம், தெருவோர விளம்பரப் பலகை, மரத்தின் வடிவம் என்று ஒப்பிட்டு ஒரு படம் எடுக்கப்பட்ட இடத்தை உறுதிசெய்யும் அந்த வேலை இன்று ஒரு தனித் திறனாகவே ஆகிவிட்டது. கணினி அறிவியல், தரவு, தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களை ஆராய்வது), மின்னணுவியல் படித்தவர்களுக்கு இங்கே கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. பாதுகாப்புத் துறை ஒத்துவரவில்லை என்றால் வேறு வேலைக்கும் போய்விடலாம். கணிதம் கசக்கும் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம். புவிசார் அரசியல் மேல் உள்ள காதலால் நான்காவது செமஸ்டர் சிக்னல் பாடத்தைத் தாண்ட முடியாது.

ராணுவ அகாடமியைப் பற்றிச் சுருக்கமாகப் போதும். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்டில் நான்கு வருடப் பட்டம், அதன் பிறகு குறைந்தது ஐந்து வருடம் முழுநேரப் பணி. பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் பட்டம் தருவதில்லை, அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பட்டதாரிகள். இது தொழிலைத் தேர்ந்தெடுப்பது. மனிதர்களைத் தலைமை தாங்கி நடத்த ஆசை இருந்தால் போகலாம். உலக அரசியலை அலசும் ஆசைக்காகப் போனால், காலை ஐந்து மணி ஓட்டத்தில் அந்த ஆசை கரைந்துவிடும்.

வேலை என்று வரும்போது

விளம்பரப் புத்தகங்களில் சிறிய எழுத்தில்கூட இல்லாத விஷயம் ஒன்று: பல நாடுகளில் வெளியுறவுப் பணிக்கு எந்தப் பட்டம் என்ற நிபந்தனையே கிடையாது. அமெரிக்காவின் தேர்வுக்குக் குறிப்பிட்ட கல்வித் தகுதி என்று எதுவும் இல்லை. இந்தியக் குடிமைப் பணித் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். எனவே 'இந்தப் பட்டம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்' என்பது பெரும்பாலும் பிரமை. உள்ளே விடுவதைத் தீர்மானிப்பது குடியுரிமையும் பின்னணி விசாரணையும். கடன், போதைப்பொருள், வெளிநாட்டுத் தொடர்புகள், வெளிநாட்டில் நீண்டகாலம் தங்கியது எல்லாவற்றையும் கேட்பார்கள்.

வெளிநாட்டில் போய்ப் பாதுகாப்பு ஆய்வு படிக்க நினைக்கிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். நீங்கள் படிக்கும் நாட்டின் ராணுவ அமைச்சகமும் உளவுத்துறையும் பெரும்பாலும் உங்களுக்கு மூடிய கதவுகள். அங்குள்ள ஆயுத நிறுவனங்களும் அப்படித்தான். அமெரிக்காவில் ஆயுத ஏற்றுமதி விதிகள் வெளிநாட்டவர் பாதுகாப்புத் தொழில்நுட்பத் தகவலைத் தொடுவதையே கட்டுப்படுத்துகின்றன. உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குறைந்த மதிப்பெண் வாங்கிய உள்ளூர் மாணவர் போகும் இடத்துக்கு உங்களால் போக முடியாது. மிஞ்சுவது ஆய்வு நிறுவனங்கள், இடர் ஆலோசனை நிறுவனங்கள், கப்பல் காப்பீடு, எரிசக்தி, வங்கிகளில் தடைவிதிகளைக் கண்காணிக்கும் பிரிவுகள், இதழியல், ஐநா போன்ற அமைப்புகள். இவை கேட்பது மொழியையும் தரவையும் பொருளாதாரத்தையும். ஆய்வு நிறுவனங்களில் ஆய்வாளர் பணி என்றால் முதுநிலையையும் கேட்பார்கள். ஐநா தலைமைச் செயலகத்தில் பயிற்சிப்பணிக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்படியானால் சிறப்புப் பட்டம் யாருக்கு? சொந்த நாட்டிலேயே படித்து அரசின் பாதுகாப்புப் பணிக்குப் போகத் தீர்மானித்தவருக்கு அது பொருந்தும். ஏற்கெனவே ராணுவத்திலோ காவல்துறையிலோ பணிபுரிந்துவிட்டுப் படிக்க வருகிறவருக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அனுபவம் அவரிடம் இருக்கிறது, கோட்பாடுதான் வேண்டும். வேறு எதைக் கொடுத்தாலும் பாதியில் விட்டுவிடும் அளவுக்கு இதில் பித்துப் பிடித்தவருக்கும் அதுதான். முடிக்காத பொருளாதாரப் பட்டத்தைவிட முடித்த போர் ஆய்வுப் பட்டம் எவ்வளவோ மேல்.

சேருவதாக முடிவெடுத்தால், கடைசி வருடப் பாடப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதல் வருடம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும். ஆய்வுமுறைப் பாடம் கட்டாயமா, புள்ளியியல் உண்டா, ஆய்வேடு எத்தனை பக்கம், மொழி வகுப்புக்கு மதிப்பெண் உண்டா என்று பாருங்கள். பழைய மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். 'சீனாவின் எழுச்சி' மாதிரித் தலைப்புகளாகவே இருந்தால் யோசிக்க வேண்டும். ஒரு துறைமுகம், ஒரு ஒப்பந்தம், ஒரு ஆயுதக் கொள்முதல் என்று குறுகலாக எடுத்து ஆழமாகப் போயிருந்தால் அங்கே யாரோ நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்று அர்த்தம். பாடங்கள் எல்லாம் ஒரே ஒரு நாட்டின் கண் வழியாக 'அச்சுறுத்தல்'களை அடுக்குகின்றனவா என்பதையும் கவனியுங்கள். எதிர்த்தரப்பு ஏன் பயப்படுகிறது என்று கேட்காத பட்டத்தில் பாதுகாப்பைப் பாதிதான் படிப்பீர்கள்.

ஏற்கெனவே சேர்ந்து ஒரு வருடம் முடித்துவிட்டீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு விலக வேண்டிய அவசியம் இல்லை. புள்ளியியலையும் வரைபட மென்பொருளையும் விருப்பப் பாடமாகப் பிற துறைகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவது வருடத்தில் எடுத்தாலும் குடிமுழுகிப்போகாது. மொழியை மட்டும் இந்த செமஸ்டரிலேயே தொடங்குங்கள்.